கரண்ட் வந்தால் கூப்பிடு

நியாலெண்டா, கிசுமு
செப்டம்பர், ஞாயிறு மதியம்

அன்புள்ள அவினோவுக்கு,

அமோண்டி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று உன் அம்மாவைக் கேட்டால், மலையில் குளிர் அதிகமாம், கம்பளி கொடுத்து அனுப்பியிருக்கிறோம் என்கிறார். அது குளிரைப் பற்றிய செய்தி. உன்னைப் பற்றிய செய்தியை நீயே எழுதினால்தான் நம்புவேன்.

உங்கள் பள்ளிக்கு வரும் கடிதங்களை ஓர் ஆசிரியை பிரித்துப் படித்த பிறகுதான் கொடுப்பார்களாம். ஆகையால் அந்த அம்மாவுக்கும் என் வணக்கம். அம்மா, நான் அவினோவின் தோழி. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் என்பதால் பிழைகள் இருக்கும். அவள் படிப்பைக் கெடுக்கும் எதையும் எழுதமாட்டேன். பாட்டைப் பற்றி மட்டும்தான் எழுதுவேன்.

அவினோ, ஆகஸ்ட் விடுமுறை முடிந்து நீ போன பிறகு இங்கே எல்லாமே கொஞ்சம் சத்தம் குறைந்துவிட்டது. சனிக்கிழமைகள் மட்டும் மாறவில்லை. மாவு மில் முதலாளி சனிக்கிழமையை ஓய்வுநாளாக அனுசரிக்கிறவர் அல்லவா, அன்று மட்டும் மில் ஓடாது. ஞாயிறு என்றால் மில்லும் ஓடும், எதிரே மூன்று சபைகளின் ஒலிபெருக்கியும் ஓடும். அதனால் ஊரெல்லாம் துணி துவைக்கிற நாளில் நாங்கள் மூவரும் மில்லுக்கு மேலே நாம் பாட்டுப் பதிவு செய்யும் அந்த அறைக்குப் போய்விடுகிறோம். வெளிச்சத்தம் வராமல் நீ சுவரில் தொங்கவிட்ட போர்வை அப்படியே இருக்கிறது. ஓபியெரோ தன் கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டியிருக்கிறான், விரலெல்லாம் புண். கிப்ரோனோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நீ பாடியதையெல்லாம் துடைத்துத் துடைத்துச் சுத்தம் செய்கிறான். நீ மூச்சு இழுக்கிற சத்தத்தை எடுக்கட்டுமா என்று கேட்டான். எடுக்காதே என்று தலையாட்டினேன்.

நான் என் மஞ்சள் தண்ணீர்க் கேனைத் தட்டிக்கொண்டு பின்னால்தான் இருக்கிறேன். கேனில் ஒரு பக்கம் லேசாக விரிசல் விட்டிருக்கிறது. அதனால் இப்போது இன்னும் நன்றாக முழங்குகிறது. குழுவுக்கு மஞ்சள் கேன் என்று நீ பெயர் வைத்தபோது எல்லாரும் சிரித்தார்கள். இப்போது ஆட்டோக்காரர்கள்கூட என்னைப் பார்த்தால் "ஏ கேனு, உங்க ஆல்பம் எப்ப வருது?" என்று கேட்கிறார்கள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வேகமாக நடந்துவிடுவேன்.

டோர்காஸ் அண்ணியின் சடை பின்னும் கடையில் வேலை நிறைய. போன வாரம் மீன் கடை ரோடா அத்தை வந்து உட்கார்ந்தாள். ஒரு தலையைப் பின்னி முடிக்கப் பாதி நாள் ஆகும், அதற்குள் அவள் ஊர் நியாயமெல்லாம் பேசி முடிப்பாள். நான் என்னை அறியாமல் நம் பாட்டை முனகியிருக்கிறேன் போலிருக்கிறது. கேட்டுவிட்டாள்.

"என்னடி பாட்டு இது? ஆரம்பிச்சா மூச்சு விடாம ஓடுது. நடுவுல பாட்டை நிறுத்தி ஒரு பக்ருவோக் உண்டா? ஒருத்தர் பேரைச் சொல்லிப் பெருமை பேசறது உண்டா? உப்புப் போடாத மீன் மாதிரி இருக்கு."

அவளே தொடர்ந்தாள். "எங்க காலத்துல ஒரு பாட்டு முழுசா முடிஞ்சதே கிடையாது, தெரியுமா? இன்னிக்கு டை கட்டிக்கிட்டு ஆபீஸ் போறாங்களே பெரிய மனுஷங்க, அவங்கதான் எழுந்து எழுந்து நிறுத்துவாங்க. நிறுத்தி, நான் யாரு தெரியுமா, எந்த மண்ணுக்காரன் தெரியுமா, எனக்குப் பிடிச்சவ யாரு தெரியுமான்னு மைக்கைப் பிடிச்சுச் சொல்லிட்டுத்தான் ஆடவே விடுவாங்க. மெதுவா இழுடி, தலையைக் கழட்டி எடுத்துறாதே."

இதைக் கேட்டால் நீ சிரிப்பாய் என்று எழுதினேன். இனி எழுதப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

போன சனிக்கிழமை உன் அப்பா மில்லுக்கு வந்தார். டை கட்டியிருந்தார். படியேறி வந்ததில் தோளெல்லாம் மாவு. தட்டிவிட்டுக்கொண்டே பேசினார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

"தம்பிகளா, நான் சண்டை போட வரலை. அவளுக்கு இது கடைசி வருஷப் பரீட்சை. அது முடியற வரைக்கும் அவ படிக்கிற பிள்ளையா மட்டும் இருக்கட்டும். அவ குரல் எங்கேயும் வெளிய வரக்கூடாது" என்றார்.

பாட்டெல்லாம் அவள் எழுதியவைதான் ஐயா என்று ஓபியெரோ சொன்னான்.

"எழுதினது இருக்கட்டும். குரலை எடுத்துருங்க. நாளைக்கு ஆட்டோவுக்கு ஆட்டோ என் மக குரல் ஓடி, அது மலை ஏறி பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தா, அவ மனசு எங்க நிக்கும்? சொல்லு."

ஒரு பாட்டாவது கேட்டுவிட்டுப் போங்கள் என்று கிப்ரோனோ காதுக்கு மாட்டுகிறதை நீட்டினான். உன் அப்பா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வேண்டாம்பா" என்று சொல்லி வேகமாக இறங்கிப் போய்விட்டார்.

பரீட்சை முடியும்வரை காத்திருக்கலாம்தான். ஆனால் கிப்ரோனோவுக்கு நைரோபியில் வேலை கிடைத்துவிட்டது. அக்டோபர் கடைசியில் போகிறான். கம்ப்யூட்டரும் அவனோடு போகும். அதற்குள் வெளிவராவிட்டால் நம் ஆல்பம் எப்போதும் வராது. ஓபியெரோ என்னைப் பார்த்து, "ஏ ஊமை, நீ பாடு. ஏழு பாட்டும் உனக்கு மனப்பாடம். அவளுக்குப் பின்னாடி நீ பாடினது என் காதுல விழாதுன்னு நெனைச்சியா?" என்றான்.

நான் கேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவினோ, அவை உன் பாட்டுகள். நீ நிற்கிற இடத்தில் நான் நிற்கலாமா? நீ வேண்டாம் என்றால் நான் வாயைத் திறக்கமாட்டேன். ஓபியெரோ கத்தினாலும் திறக்கமாட்டேன். உன் பதில் வரும்வரை ஒன்றும் செய்யவேண்டாம் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். சொன்னேன் என்றால், கையைக் காட்டினேன்.

கம்பளியைக் காலுக்கும் சேர்த்துப் போர்த்திக்கொள். நன்றாகப் படி.

என்றும் உன் பின்னால் உட்கார்ந்திருக்கும்
அமோண்டி


நியாலெண்டா, கிசுமு
அக்டோபர் தொடக்கம்

அன்புள்ள அவினோவுக்கும், பிரித்துப் படிக்கும் அம்மாவுக்கும்,

உன் கடிதம் வந்தது. கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். கையெல்லாம் எண்ணெயாக இருந்ததால் ஒரு தலை முடியும்வரை பிரிக்காமல் மடியிலேயே வைத்திருந்தேன்.

கணக்குப் பரீட்சையைப் பற்றி எழுதியிருந்தாய். உருளைக்கிழங்கில் மண் கடிபடுவதைப் பற்றி எழுதியிருந்தாய். கடிதம் வந்தவர்களின் பெயரை இரவுச் சாப்பாட்டின்போது கூடத்தில் உரக்கக் கூப்பிடுவார்கள் என்றும், கூப்பிட்டதும் அத்தனை பேருக்கு நடுவில் எழுந்து நிற்க வேண்டும் என்றும், அன்று உன் பெயரைக் கூப்பிட்டபோது உனக்கு வேர்த்துவிட்டது என்றும் எழுதியிருந்தாய். எனக்கென்றால் எழுந்து நிற்கவே கால் வராது. நீயுமா வேர்த்தாய்?

கடைசியில், நான் கேட்டதற்கு, "பாடு. இதற்கெல்லாம் ஏன் கேட்கிறாய்?" என்று எழுதியிருந்தாய். அவ்வளவுதான்.

அதை நிறையத் தடவை படித்தேன். நல்ல பதில்தான். நான் கேட்டதற்கு வேறு என்ன பதில் இருக்க முடியும்? ஆனாலும் இன்னும் ஒரு வரி இருக்கும் என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன். என்ன வரி என்று எனக்கே தெரியவில்லை.

சரி, பாடினேன். முதல் சனிக்கிழமை சத்தமே வரவில்லை. கிப்ரோனோ மைக்கைத் தட்டிப் பார்த்து, "மைக்கு நல்லாத்தான் இருக்கு. ஆளுதான் ரிப்பேரு" என்றான். ஓபியெரோ அவன் தலையில் ஒன்று வைத்துவிட்டு, என்னைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிற்கவைத்தான். அங்கே மில்காரர் அடுக்கியிருந்த சோள மூட்டைகள். அவற்றைப் பார்த்துக்கொண்டு பாடினேன். மூட்டைகள் என்னைத் திருப்பிப் பார்க்கவில்லை. பாட்டு வந்தது.

உன்னைப் போல் பாட முயன்றேன். ஓபியெரோ நிறுத்திவிட்டான். "அவ மாதிரி பாடினா அவ ஞாபகந்தான் வரும். உன்ன மாதிரி பாடு" என்றான். என்னை மாதிரி எப்படி என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே ஆறு பாட்டுகள் முடிந்துவிட்டன. படகுப் பாட்டில் நீ உயரப் போகிற இடத்தில் நான் கீழே இறங்கிவிடுகிறேன். கிப்ரோனோ கேட்டுவிட்டு, மாட்டியிருந்ததைத் தன் காதிலிருந்து கழற்றி என் காதில் மாட்டினான். யாரோ ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். பாவம், யாரையோ தேடுகிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் அது நான் என்று தெரிந்தது.

ஏழாவது பாட்டைப் பாடவில்லை. அதுதான் ஆல்பத்துக்கே பெயர்.

அதை எப்போது எழுதினாய் என்று நினைவிருக்கிறதா? பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தோம். கரண்ட் போனால் நீ உன் வாசலில், நான் என் வாசலில். முதலில் யார் வீட்டில் விளக்கு எரிகிறதோ அவர்கள் மற்றவளைக் கூப்பிட வேண்டும். நீதான் எப்போதும் கூப்பிடுவாய். என் குரல் வேலியைத் தாண்டாது. ஒருநாள் என் வீட்டில் முதலில் விளக்கு வந்தது. நான் கூப்பிடாமல் ஓடி வந்து உன் தோளைத் தொட்டேன். நீ பயந்து அலறி, அப்புறம் சிரித்து, மறுநாள் பாட்டோடு வந்தாய்.

கரண்ட் வந்தால் கூப்பிடு,
இருட்டில் உன் வாசல் எனக்குத் தெரியும்,
வெளிச்சத்தில்தான் வழி மறந்துபோகும்,
கரண்ட் வந்தால் கூப்பிடு.

இதை நான் எப்படிப் பாடுவது, அவினோ? இது என்னைப் பார்த்து நீ பாடுகிற பாட்டு. என்னைப் பார்த்து நானே பாட முடியுமா? மூட்டைகளுக்கு முன்னால் நின்றேன், வரவில்லை. வராது என்று தலையாட்டினேன். ஓபியெரோவுக்குக் கோபம். "அவங்கப்பா கேட்டுக்கிட்டது என்னாவறது?" என்றான். கிப்ரோனோ மட்டும் மெதுவாக, "அவ பாடினது இன்னும் பெட்டிக்குள்ளதான் இருக்கு. எடுத்துருங்கன்னுதான் சொன்னாரு, நான் இன்னும் எடுக்கலை" என்றான்.

ஆக, ஆல்பத்தில் ஆறு பாட்டுகள் என் குரலில். ஏழாவது உன் குரலில். இணையத்தில் ஆறு மட்டும் போடுவது, ஏழாவதை வெளியீட்டு விழாவில் ஒரே ஒரு தடவை ஒலிக்கவிட்டுப் பிறகு அழித்துவிடுவது என்று முடிவு. அழிப்பது என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் அதற்குத் தலையாட்டவில்லை.

விழா என்றால் பெரிதாக எண்ணாதே. ரோடா அத்தை ஏரிக்கரையில் இருக்கும் தன் மீன் கடையை ஒரு சனிக்கிழமைப் பிற்பகலுக்குத் தருகிறாள். பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு ஸ்பீக்கர். "பாட்டு நல்லா இல்லேன்னாலும் சனம் மீன் திங்க வரும்டி, கவலைப்படாதே" என்று தைரியம் சொல்லியிருக்கிறாள்.

மூட்டைகள் இல்லாத இடத்தில், முகங்களைப் பார்த்து எப்படிப் பாடப்போகிறேனோ! அன்று கணக்குப் பாடத்துக்கு நடுவில் ஒரு தடவை ஏரி இருக்கிற திசையில் திரும்பிப் பார். அது போதும்.

உன்
அமோண்டி


நியாலெண்டா, கிசுமு
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்புள்ள அவினோவுக்கு,

இதை எழுதக்கூடாது என்று ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் தலையாட்டினேன். ஆனால் நான் எல்லாவற்றுக்கும்தான் தலையாட்டுகிறேன். அதைச் சத்தியம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது.

எட்டு நாளைக்கு முன்பு, சனிக்கிழமை, விழா நடந்தது. மழை வரும் போலிருந்து வரவில்லை. ஆட்டோக்காரர்கள் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, பென் டிரைவோடு வந்திருந்தார்கள், பாட்டை ஏற்றிக்கொண்டு போக. டோர்காஸ் அண்ணி கடையைச் சாத்திவிட்டுக் குழந்தைகளோடு வந்தாள். சட்டியில் மீன் பொரிகிற சத்தத்துக்கு மேலே நாங்கள் ஆரம்பித்தோம்.

முதல் இரண்டு பாட்டுகளுக்கு நான் கேனையே பார்த்துக்கொண்டு பாடினேன். ரோடா அத்தை கரண்டியோடு எட்டிப் பார்த்து, "கேனுக்குப் பாடினது போதும், எங்களுக்கும் கொஞ்சம் பாடு" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாவது பாட்டில் தலையை நிமிர்த்தினேன். அப்போதுதான் பார்த்தேன். கடைசி நாற்காலியில் உன் அப்பா. டை கட்டியிருந்தார். முன்னால் ஒரு மீன், தொடவே இல்லை.

யார் சொல்லி வந்தார் என்று தெரியவில்லை. மீதிப் பாட்டுகளை எப்படிப் பாடினேன் என்றும் தெரியவில்லை. ஆறாவது முடிந்ததும் ஓபியெரோ என் காதருகில் குனிந்து, "அந்தக் கடைசிப் பாட்டு வேண்டாம். மனுஷன் உட்கார்ந்திருக்காரு. நன்றி சொல்லி முடிச்சுடலாம்" என்றான்.

முடிந்தால் அழித்துவிடுவார்கள். உன் குரல் அன்று ஒலிக்காவிட்டால் பிறகு எங்கேயும் ஒலிக்காது. எனக்கு வாதாட வராது, உனக்குத் தெரியும். ஆகையால் பின்னால் போய் உட்கார்ந்து கேனைத் தட்டினேன், அந்தப் பாட்டின் தாளத்தை. ஓபியெரோ முறைத்தான். நான் நிறுத்தவில்லை. ஆட்டோக்காரர்கள் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அவன் கிட்டாரை எடுத்தான். கிப்ரோனோ பொத்தானை அழுத்தினான்.

நீ வந்தாய். முதலில் உன் மூச்சு, அப்புறம் உன் குரல். மீனைத் திருப்பிப்போடக்கூட ரோடா அத்தை மறந்துவிட்டாள். நான் பின்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் மைக் மட்டும் நின்றது. அந்த வெற்றிடத்தில் நீ நிற்பது போலவே இருந்தது. எனக்கு அப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

இரண்டாவது சுற்றில் உன் அப்பா எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது.

"நிறுத்துங்க பாட்டை!"

கிப்ரோனோ கெரிச்சோ மலைக்காரன், அவனுக்கு என்ன தெரியும்? பயந்துபோய் கம்ப்யூட்டரைப் படாரென்று மூடிவிட்டான். 'கரண்ட் வந்தால் கூப்' என்ற இடத்தில் உன் குரல் அறுந்தது. யாரோ ஓர் ஆட்டோக்காரர், "போச்சு, இன்னிக்கு இங்க அடி விழப்போவுது" என்று முணுமுணுத்தார். உன் அப்பா நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தார். ஓபியெரோ கிட்டாரைக் குறுக்கே பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் நின்றான். தப்பு எங்களுடையதுதான் ஐயா, அவளுக்கு இது தெரியாது, இப்போதே அழித்துவிடுகிறோம் என்று என்னென்னவோ சொன்னான்.

உன் அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நகருடா. பாட்டை ஒருத்தன் நிறுத்தினா எதுக்குன்னு தெரியாதா உனக்கு? எந்த ஊர்ல பொறந்தே?"

ரோடா அத்தைக்குத்தான் முதலில் புரிந்தது. கரண்டியை உயரத் தூக்கிக் குலவை போட்டாள் பார், ஏரியில் இருந்த கொக்குகள் பறந்தன.

உன் அப்பா டையைத் தளர்த்திக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"நான் ஓச்சோலா. கானோ நெல்வயல் மண்ணுக்காரன். சேத்துல நடந்தாலும் சட்டை அழுக்காகாதவன்!"

"ஆமா!" என்று பெரியவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். இத்தனை வருடம் அந்த ஆமாவை எங்கே வைத்திருந்தார்களோ!

"அந்தப் பெட்டிக்குள்ள பாடறாளே, அவ யாருன்னு கேளுங்க."

"யாரு?"

"அவினோ! என் மக. கழுத்துல கொடி சுத்திப் பொறந்தவ. பொறந்தப்போ அழலை. சத்தமே இல்லை. தாதி என் மூஞ்சியைப் பார்க்காம நின்னா. நான் வெளிய வாசல்ல நின்னுக்கிட்டு, ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம்னு கெஞ்சினேன்." மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. "இப்பக் கேட்டீங்க இல்ல, அவ சத்தத்தை? அவ்வளவுதான். வாசிங்கப்பா."

குலவையும் விசிலுமாக இடமே அதிர்ந்தது. ஆனால் எதை வாசிப்பது? கிப்ரோனோ கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு தலையில் கை வைத்திருந்தான். "அணைஞ்சு திரும்ப எந்திரிக்குது… என்னமோ அப்டேட்டாம்… காத்திருக்கச் சொல்லுது" என்றான். உன் அப்பா மைக்குக்குப் பக்கத்திலேயே நின்றார். பாட்டை நிறுத்தியவருக்குப் பாட்டைத் திருப்பித் தரவேண்டும் அல்லவா? எல்லாரும் காத்திருந்தார்கள்.

நான் எழுந்தேன். கேனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தேன். நீ விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். 'கூப்பிடு' என்று. யார் முகத்தையும் பார்க்க முடியாமல் உன் அப்பாவின் டையையே பார்த்துக்கொண்டு பாடினேன். அதில் சின்னச் சின்னப் படகுகள் போட்டிருக்கின்றன, தெரியுமா உனக்கு? கடைசி வரியில் குரல் உடைந்துவிட்டது. நீயாக இருந்தால் சமாளித்திருப்பாய்.

முடிந்ததும் அவர், பக்ருவோக் முறைக்காகத் தெரியாதவர் போல, "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா? பேரென்ன?" என்று கேட்டார். ரோடா அத்தைதான் கத்தினாள். "அவ அமோண்டி! கடவுள் அவளுக்கு மாசத்துக்கு ஒரு வார்த்தைதான் குடுத்திருக்காரு, அதையும் இப்பப் பாட்டுல செலவு பண்ணிட்டா." உன் அப்பா சிரித்தார். அவருக்கு உன் பல் வரிசை. பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "விடியக்காலைல பொறந்தவ, அமோண்டி! என் மக பாட்டைக் கீழ விழாமப் பிடிச்சவ!" என்றார்.

என் பெயர் அவ்வளவு நீளமானது என்று எனக்குத் தெரியாது. காற்றில் வெகுநேரம் இருந்தது. நான் எழுந்துதான் நின்றிருந்தேன், ஆனாலும் இன்னொரு தடவை எழுந்து நின்றது போல இருந்தது.

இது எல்லாவற்றையும் டோர்காஸ் அண்ணி போனில் பதிவு செய்திருந்தாள். கிப்ரோனோ அதைக் கேட்டுவிட்டு, ஏழாவது பாட்டு இதுதான் என்று பிடிவாதமாக நின்றான். மீன் பொரிகிற சத்தம், உன் குரல், அது அறுவது, உன் அப்பா, குலவை, அப்புறம் நான். அப்படியே. உன் அப்பாவிடம் போய்க் கேட்டோம். "போட்டுக்கோங்க. ஆனா பரீட்சை முடியற அன்னிக்குத்தான் வெளிய விடணும்" என்றார். வாசல் வரை வந்து, "என் பேரை ஒரு தடவைதான் சொல்லியிருக்கேன், ரெண்டு தடவை சொல்லியிருக்கணும்" என்று வருத்தப்பட்டார். பிறகு என்னிடம் மட்டும், "நான் வந்தேன், நிறுத்தினேன்னு அவளுக்கு எழுதாதே. அவ ஒழுங்கா எழுதி முடிக்கட்டும். சட்டம் படிக்க நைரோபி போகப்போறவ" என்றார்.

அதற்குத்தான் தலையாட்டினேன்.

நைரோபி என்று நீ எனக்கு எழுதவில்லை. நல்ல ஊர் என்கிறார்கள். அங்கே கரண்ட் அடிக்கடி போகாதாம். எனக்குச் சந்தோஷம்தான். நீ போகத்தான் வேண்டும். போவதற்கு முன் ஒரே ஒரு சனிக்கிழமை மில்லுக்கு வா. கிப்ரோனோ நேற்றே போய்விட்டான், பதிவு செய்ய ஒன்றுமில்லை. சும்மா வா. போர்வையை இறக்கி மடிக்க இரண்டு பேர் வேண்டும்.

இனி நீ பதில் எழுத நேரம் தேடாதே. படி. ஆனால் நான் எழுதிக்கொண்டே இருப்பேன். சொல்ல ஒன்றும் இல்லாத நாளில் உறைக்குள் வெறும் தாள் இருக்கும்.

பிரித்துப் படிக்கும் அம்மா, இதுவரை பொறுமையாகப் படித்திருந்தால் உங்களுக்குப் புண்ணியம். இந்தக் கடிதத்தைப் பரீட்சை முடியும்வரை அவளிடம் கொடுக்க வேண்டாம் என்று நினைத்தால் கொடுக்க வேண்டாம். அவள் அப்பாவின் விருப்பமும் அதுதான். வெறும் தாள்கள் வந்தால் அவற்றையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டுக் கூடத்தில் அவள் பெயரை மட்டும் கூப்பிடுங்கள். கொஞ்சம் உரக்கக் கூப்பிடுங்கள், அம்மா. எனக்கு அவ்வளவு குரல் இல்லை.

அவள் எழுந்து நிற்கட்டும்.

பக்கத்து வாசலில்,
அமோண்டி